கணக்குப் போடும் இயந்திரமும் கட்டுப் போட்ட தலையும்

காலால் ஆடும் ஆட்டத்திற்குக் கடன் வாங்கிய மூளை எதற்கு என்று கேலி பேசுவோர் உண்டு. இனி எல்லாம் இயந்திரமே, பயிற்சியாளர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று ஆர்ப்பரிப்போரும் உண்டு. இரு சாராருக்கும் நாம் கூறுவது ஒன்றே: நடந்தது என்னவென்று முதலில் பாருங்கள்; பிறகு பேசுங்கள்!

நடந்தது இங்கிலாந்திலே, லிவர்பூல் நகரத்திலே. கப்பல்துறைத் தொழிலாளர்களின் உழைப்பால் வளர்ந்த ஊர் அது. அந்நகரின் கால்பந்துக் கழகத்தோடு கூகுள் டீப்மைண்ட் நிறுவன ஆய்வாளர்கள் கைகோத்து, 'டாக்டிக்ஏஐ' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கினர். 2024 மார்ச்சில் அதன் ஆய்வுரை அச்சேறியது. ஆட்டம் முழுவதையும் அளக்க அவர்கள் முனையவில்லை. 'கார்னர்' உதையை மட்டும் எடுத்துக் கொண்டனர். ஏன்? பந்து அசையாமல் நிற்கிறது. ஆட்டக்காரர்கள் இடம் பிடித்து நிற்கிறார்கள். யோசிக்க நேரம் இருக்கிறது. ஒரே உதையில் கோலும் விழலாம். ஆராய்ச்சிக்கு அதைவிடத் தோதான நேரம் ஏது?

எப்படி வேலை செய்கிறது அந்தக் கருவி? திருவண்ணாமலைத் தோழர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். பௌர்ணமி இரவில், மலை உயரத்திலிருந்து 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பார்ப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். முகம் தெரியாது, புள்ளிகள் தெரியும். எங்கே நெரிசல், எங்கே இடைவெளி என்பது கீழே நடப்பவனைவிட மேலிருந்து பார்ப்பவனுக்கு நன்றாகத் தெரியும். இயந்திரத்தின் பார்வையும் அத்தகையதே. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. அவர் நிற்கும் இடம், ஓடும் வேகம், உயரம், எடை ஆகியவை அந்தப் புள்ளியின் குறிப்புகள். புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து, 7,176 கார்னர்களைப் பார்த்துப் பாடம் கற்றது அது. பந்து யாரிடம் போய்ச் சேரும்? கோலை நோக்கி உதை பிறக்குமா? தடுப்பவர் ஓரடி தள்ளி நின்றால் என்ன ஆகும்? இரவெல்லாம் படம் ஓட்டிப் பார்த்துப் பயிற்சியாளர் தேட வேண்டிய விடைகளை அது நொடியில் தேடித் தருகிறது.

தேறியதா? லிவர்பூல் கழக வல்லுநர்களிடம் காட்டினார்கள். 100க்கு 90 தடவை, பழைய அமைப்பைவிட இயந்திரம் திருத்திய அமைப்பே மேல் என்றார்கள் அவர்கள். பந்தைப் பெறக்கூடியவர் என்று அது மூவரைச் சுட்டினால், ஏறத்தாழ 78 தடவை அம்மூவரில் ஒருவரிடம் பந்து போயிற்று. மற்ற தடவைகளில் பிழை! அந்தப் பிழையையும் மறைக்காமல் அச்சிட்டார்களே, அதற்குப் பெயர்தான் அறிவியல். குறி சொல்பவன் பொய்த்த குறிக்குக் கணக்கு வைப்பதுண்டா?

ஆகவே, பயன் உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இயந்திரம் வந்த பிறகுதான் வியூகம் பிறந்ததா?

1962ஆம் ஆண்டு, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்திய அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பின்வரிசைத் தடுப்பாளர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல் போட்டாயிற்று. ரஹீம் என்ன செய்தார்? அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தாரா? இல்லை, முன்வரிசைக்கு அனுப்பினார்! செப்டம்பர் 4, இறுதியாட்டம், எதிரே தென்கொரியா. அடிபட்ட தலையோடு ஆடிய ஜர்னைல் சிங் கோல் அடித்தார். 2-1 என வெற்றி, தங்கம் நம்முடையது. புற்றுநோயைச் சுமந்தபடி அந்த அணியை நடத்திய ரஹீம் மறு ஆண்டே மறைந்தார். ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் அதன்பின் இன்றுவரை நமக்குக் கிட்டவில்லை.

ஜர்னைல் சிங்கின் உயரத்தை இயந்திரம் அளக்கும், எடையை அளக்கும். கட்டுப் போட்ட தலையோடு களம் புகும் நெஞ்சுறுதியை எந்தப் புள்ளியில் குறிக்கும்? அதை அறிந்தவர் அவரோடு பழகிய ஆசிரியர். இயந்திரம் கணக்குப் பிள்ளையாக இருக்கட்டும். முடிவெடுப்பவன் மனிதனாக இருக்கட்டும்!

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. 2022 கத்தார் உலகக் கோப்பையில், 'ஆப்சைடு' பார்ப்பதற்கென்றே அரங்கக் கூரையடியில் 12 காமிராக்கள். ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 இடங்களை வினாடிக்கு 50 முறை குறித்தன. நம் ஊர்த் திடலிலோ, கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு செங்கல்! மூட்டை தூக்குபவரின் மகன் அங்கே மின்னலாய் ஓடுகிறான். அவன் ஓட்டம் எந்தக் காமிராவில் பதிகிறது? டாக்டிக்ஏஐ கற்ற பாடம் இங்கிலாந்தின் பிரிமியர் லீக் ஆட்டங்கள். பணம் புரளும் அரங்கில் ஆடுபவன் எண்ணப்படுகிறான். புழுதியில் ஆடுபவன் எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாதவன் இயந்திரத்தின் கண்ணுக்கு இல்லாதவன்!

அதற்காக இயந்திரத்தை உடைக்கவா சொல்கிறோம்? இல்லை, தோழர்களே! அதை நம் திடலுக்குக் கொண்டுவரச் சொல்கிறோம். அந்த ஆய்வுரை யாரும் காசின்றிப் படிக்கும்படி வெளிவந்திருக்கிறது. நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் படிக்கட்டும். மாவட்டப் போட்டிகளைக் கைபேசியிலாவது படம் பிடிக்கட்டும். நம் பிள்ளைகளின் ஓட்டத்தை எண்ணட்டும். அரசு அதற்குக் காசு ஒதுக்கட்டும். ஆனால் காமிராவுக்கு முன்னால் வேண்டியது திடல். திடலில் வேண்டியது பயிற்சியாளர். விளையாடும் பிள்ளையின் வயிற்றில் வேண்டியது சோறு. இவை இல்லாத ஊரில் இயந்திரம் எதைக் கண்டு எதைக் கணக்கிடும்?

கருவி வந்துவிட்டது. அது செல்வர் கழகங்களின் சொத்தாகவே இருக்க வேண்டுமா, செங்கல் நட்டு ஆடும் சிறுவனுக்கும் துணையாக வேண்டுமா? விடை கருவியிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது!