எதிர்வீட்டுக் குழந்தை வயிறும் உங்கள் குழந்தை வயிறும் ஒன்றா?

ஐயப்பன்தாங்கலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை மனதில் கொண்டு வாருங்கள். இரண்டாவது மாடி, எதிரெதிர் வீடுகள். ஒரே லாரித் தண்ணீர், ஒரே பால்காரர், தெருமுனைக் கடையில் வாங்கிய ஒரே மாவில்தான் இரண்டு வீட்டிலும் இட்லி. இந்த வீட்டுக் குழந்தைக்கு ஒன்றரை வயது. மூக்கு ஒழுகுகிறது, உடம்பு லேசாகச் சுடுகிறது. எதிர்வீட்டு அக்கா ஃப்ரிட்ஜிலிருந்து பாதி மீந்த ஆன்டிபயாடிக் பாட்டிலோடு வருகிறார்.

"எங்க பையனுக்கு ரெண்டே நாள்ல கேட்டுச்சும்மா! இதையே ஊத்து. இதுக்குப் போய் கிளினிக்ல உக்காந்துகிட்டு..."

நல்ல மனசுதான். ஆனால் பாட்டிலை வாங்காதீர்கள். சாதாரண சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக்குக்கு வைரஸ் அசையாது. தண்ணீர் கலந்து வைத்த அந்த மருந்துக்கு வீரியமும் சில நாட்கள்தான். இதெல்லாம் உங்கள் டாக்டரும் சொல்லியிருப்பார். அவர் சொல்ல நேரமில்லாத இன்னொரு காரணமும் இருக்கிறது. அவன் வயிறு வேறு, இவள் வயிறு வேறு!

"அதெப்படிங்க வேற ஆகும்? சாப்பிடறது ஒண்ணுதானே?" என்பீர்கள். நியாயமான கேள்வி. வயிற்றுக்குள் கோடி கோடியாகப் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. உணவைச் செரிக்க உதவுவது, சில வைட்டமின்களைத் தயாரிப்பது, கெட்ட கிருமிக்கு இடம் கொடுக்காமல் இருப்பது எல்லாம் அவற்றின் வேலை. இரண்டு வயிற்றில் இருக்கும் கூட்டம் ஒன்றா, வேறா, எவ்வளவு வேறு என்பதை அளக்க இப்போது ஒரு கணக்கே இருக்கிறது.

முதலில் பாக்டீரியாவை அடையாளம் காண்பது. குடலில் இருப்பவற்றில் பலவற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பதே பெரும்பாடு. அதனால் அவற்றின் மரபணுவைப் படிக்கிறார்கள். புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற உறுப்பு எல்லா உயிரிலும் உண்டு. அதைச் சேர்ந்த ஒரு மரபணு, பாக்டீரியாவில் சுமார் 1,500 எழுத்து நீளம், காலப்போக்கில் மிக மெதுவாக மாறுகிறது. இரண்டு பாக்டீரியாவுக்கு நடுவே எழுத்து வித்தியாசம் குறைவு என்றால் நெருங்கிய சொந்தம்; அதிகம் என்றால் தூரத்து உறவு. இந்த வழியில் உயிர்களுக்கே வம்சாவளி போட்டவர் கார்ல் வூஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1977-ல் அவர் வெளியிட்ட முடிவு உயிரியல் பாடப்புத்தகத்தையே மாற்றி எழுத வைத்தது.

சரி, வம்சாவளி வந்துவிட்டது. இரண்டு வயிற்றை எப்படி ஒப்பிடுவது? பெயர்ப் பட்டியல் எடுத்து, 'உங்களிடம் இருப்பது அவரிடம் இல்லை' என்று எண்ணினால் போதாதா? போதாது. பெயர் வேறாக இருந்தாலும் இரண்டும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பியாக இருக்கலாம்; ஒட்டு உறவே இல்லாத அந்நியராகவும் இருக்கலாம். பட்டியலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

நம் ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவை வைத்தே பார்த்துவிடுவோம். ஒருவர் தினமும் தி.நகர் போகிறார். இன்னொருவர் கோயம்பேடு போகிறார். போய்ச் சேரும் இடம் வேறுதான். ஆனால் போரூர், வளசரவாக்கம் வழியாக வடபழனி வரை இருவருக்கும் ஒரே சாலை. அதைக் கணக்குக்காக 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கப்புறம் பிரிந்து ஆளுக்கு 5. இருவரும் போகும் சாலை மொத்தம் 20. அதில் ஒருவருக்கு மட்டும் உரியது 10. பத்தை இருபதால் வகுத்தால் 0.5. மூன்றாமவர் எதிர்த்திசையில் பூந்தமல்லி போகிறவர். அவருக்கும் தி.நகர்க்காரருக்கும் பொதுச் சாலையே இல்லை, விடை 1. பெயர்ப் பட்டியலைக் கேட்டால் மூன்று பேருமே ஒரே அளவு வேறு என்று சொல்லியிருக்கும்!

டெப்போ இருக்கும் இடத்தில் ஆதி மூதாதையையும், சாலைகள் இருக்கும் இடத்தில் வம்சாவளியின் கிளைகளையும், நிறுத்தங்கள் இருக்கும் இடத்தில் இன்றைய பாக்டீரியாக்களையும் வையுங்கள். அவ்வளவுதான் கணக்கு. விடை 0 என்றால் இரண்டு கூட்டமும் ஒன்றே. 1 என்றால் பொதுக்கிளையே இல்லை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கேத்தரின் லோசுபோனும் ராப் நைட்டும் 2005-ல் இதை வெளியிட்டார்கள். பெயர் 'யூனிஃப்ராக்'. எந்தச் சாலை என்பதோடு, அதில் எத்தனை பேர் போகிறார்கள் என்ற எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கும் இன்னொரு வகை 2007-ல் வந்தது.

ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிடாதீர்கள். 2010-ல் மூன்று பேருடைய கம்ப்யூட்டர் கீபோர்டைத் துடைத்தெடுத்து, அதிலிருந்த பாக்டீரியாக் கூட்டத்தை அவர்கள் விரலில் இருந்ததோடு இந்தக் கணக்கில் பொருத்திப் பார்த்தார்கள். எந்த கீபோர்டு யாருடையது என்று சரியாகத் தெரிந்துவிட்டது! 2014-ல் வெளியான இன்னோர் ஆய்வு ஏழு அமெரிக்கக் குடும்பங்களைப் பின்தொடர்ந்தது. குடும்பம் வீடு மாறியதும் அவர்கள் பாக்டீரியாவும் கூடவே குடிபோய், ஓரிரு நாளிலேயே புது வீடு பழைய வீட்டைப் போல ஆகிவிட்டதாம். நாம் பால் காய்ச்சுவதற்குள் அவை காய்ச்சிவிடுகின்றன போலிருக்கிறது!

நம் குழந்தை விஷயத்துக்கு வருவோம். 2012-ல் மலாவி கிராமங்கள், வெனிசுலாவின் அமேசான் பகுதி, அமெரிக்க நகரங்கள் என்று மூன்று இடங்களில் 531 பேரின் மலத்தைச் சோதித்தார்கள். கைக்குழந்தை முதல் பெரியவர் வரை எல்லா வயதும் உண்டு. மூன்று நாட்டிலும் தெரிந்தது ஒன்றுதான். குழந்தையின் குடல் கூட்டம் பெரியவர்களுடையதைப் போல ஆக ஏறக்குறைய மூன்று வயதாகிறது. அதுவரை ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் உள்ள தூரம், இரண்டு பெரியவர்களுக்கு நடுவே உள்ளதைவிட அதிகம். ஒன்றரை வயதில் அந்த வீடு இன்னும் கட்டி முடியவில்லை, செங்கல் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது தேவையில்லாத ஆன்டிபயாடிக் போனால்? பெரியவர்களிடம் பார்த்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆரோக்கியமான மூன்று பேருக்குப் பத்து மாதத்தில் இரண்டு முறை சிப்ரோஃப்ளாக்ஸசின் கொடுத்து ஒவ்வொருவரிடமும் ஐம்பதுக்கு மேற்பட்ட மாதிரிகள் எடுத்தார்கள். மருந்து தொடங்கிய மூன்று நான்கு நாளில் கூட்டம் கலைந்துபோனது. நிறுத்திய ஒரு வாரத்தில் திரும்பத் தொடங்கியது. ஆனால் பல நேரம் பழையபடி முழுசாக வரவில்லை. ஒரே மருந்துக்கு மூவரிடமும் மூன்று விதமான விளைவு! 2011-ல் வந்த முடிவு இது. மூன்று பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் கட்டி முடிந்த வீட்டுக்கே இந்தக் கதி.

இதைப் படித்துவிட்டு டாக்டர் எழுதித் தந்த ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிடாதீர்கள். நிமோனியாவுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் அது உயிர் காக்கும் மருந்து. அவர் சொன்ன அளவு, சொன்ன நாள். அதில் மாற்றம் வேண்டாம். மருந்து அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்களே, டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கான அடையாளம். 2016-ல் மத்திய அரசு இதைப் பற்றித் தனிப் பிரசாரமே நடத்தியது. சாதாரண வயிற்றுப்போக்கு என்றால் முதலில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட், டாக்டர் சொன்னால் துத்தநாக மருந்து. மலத்தில் ரத்தம், சோர்வு, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, இறங்காத ஜுரம் இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இன்னொரு விஷயம். 'உங்கள் குடல் பாக்டீரியாவைச் சோதித்துச் சொல்கிறோம்' என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் டெஸ்ட்டுகள் இப்போது வீட்டுக்கே வருகின்றன. வண்ண வண்ணமாக ரிப்போர்ட் தருகிறார்கள். வாங்குவதற்கு முன் கேளுங்கள்: "யாரோடு ஒப்பிட்டீங்க?" போபால், கேரளம் இரண்டிலிருந்தும் 110 பேரைச் சோதித்த 2019 ஆய்வில், நம் நாட்டுக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தது, தாவர உணவு அதிகம் உண்ணும் போபால்காரர்களிடம் பிரிவோடெல்லா என்ற பாக்டீரியா ஓங்கி இருந்தது. வெளிநாட்டுக்காரரை அளவுகோலாக வைத்தால் நம் சாம்பார் சாதத்து வயிறு தள்ளித்தான் நிற்கும். இந்தக் கணக்கு தூரத்தை மட்டும்தான் சொல்லும். எது நல்ல வயிறு என்று அதற்குத் தெரியாது.

எதிர்வீட்டு அக்கா இன்னும் வாசலில் நிற்கிறார். "வேண்டாங்க்கா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். உள்ள வாங்க, காபி குடிங்க" என்று சொல்லுங்கள். வருத்தப்பட மாட்டார்.