வானொலிக் குழுப் போட்டியும் அதன் விதிகளும்

போட்டி என்றவுடன் நம் மாணவர் உள்ளத்தில் தோன்றுவன பந்தும் மட்டையும் ஆரவாரமுமே. காண்பார் ஒருவரும் இன்றி, கைதட்டல் இன்றி, ஒரு கூடாரத்தினுள் இருவர் அமர்ந்து 24 மணி நேரம் ஆடும் ஆட்டமும் ஒன்று உண்டு. அமெச்சூர் ரேடியோக்காரர் ஆடும் அவ்வாட்டத்தின் விதிகளை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஊதியம் கருதாது விருப்பமொன்றே கருதி, அரசாங்கத் தேர்வில் தேறி, உரிமச்சீட்டும் அழைப்புக்குறியும் பெற்று, கம்பியில்லாக் கருவியால் பிற நாட்டாரோடு அளவளாவுவோரே அமெச்சூர் ரேடியோக்காரர். ‘ஹாம்’ என்பது அவர்தம் செல்லப் பெயர். இவ்வித்தை தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. 1924-ஆம் ஆண்டிலேயே ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப்புத் தோன்றி ஒலிபரப்பும் நடத்திற்று. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அது நின்றுபோக, அதன் கருவியைப் பெற்ற சென்னை நகராண்மைக் கழகம் 1930-இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது.

நிற்க. சர்வதேச அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் போட்டி ஆண்டுதோறும் ஜூலைத் திங்களின் இரண்டாவது சனிக்கிழமை, நம் கடிகாரப்படி மாலை 5.30-க்குத் தொடங்கி, மறுநாள் அதே நேரத்தில் முடிவுறும். ஒருவர் மற்றொருவரை அழைத்து, ஒலி கேட்கும் தரத்தையும் தமது மண்டல எண்ணையும் கூறல் வேண்டும். உலகம் பல மண்டலங்களாக வகுக்கப்பட்டுள்ளது; இந்தியாவும் இலங்கையும் 41-ஆவது மண்டலம். தரம் கூறுதல் வெறுஞ் சடங்காகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகின்றோம். இரைச்சலினூடே மும்முறை கேட்டு அறிந்த குரலுக்கும் ‘மிக நன்று’ என்ற எண்ணையே அனைவரும் கொடுக்கின்றனர்!

மதிப்பெண் கணக்கே இதன் உயிர்நிலை. தம் மண்டலத்தாரோடு பேசின் 1 புள்ளி; தம் கண்டத்துப் பிற மண்டலத்தாரோடு பேசின் 3; வேறு கண்டத்தாரோடு பேசின் 5. நம்மவர்க்கு இலங்கை 1 புள்ளியும், ஜப்பான் 3 புள்ளியும், ஜெர்மனி 5 புள்ளியும் தரும். ஒவ்வோர் அலைவரிசைப் பட்டையிலும் எத்தனை மண்டலங்களையும், எத்தனை நாட்டுச் சங்கத் தலைமை நிலையங்களையும் எட்டினர் என்று எண்ணி, அத்தொகையால் புள்ளிகளைப் பெருக்குவர். 1,500 புள்ளி ஈட்டியும் பெருக்கு எண் 20 ஆயின் வருவது 30,000. 1,400 புள்ளியே ஈட்டியவர்க்குப் பெருக்கு எண் 50 ஆயின் வருவது 70,000. ஆகவே ஒரே திசையில் விடாது கூவுபவரினும், எத்திசையையும் செவிமடுப்பவரே வெல்லுவர்.

இப்போட்டியில் ஓர் இடர்ப்பாடு உண்டு. செல்வர் நூறடிக் கோபுரம் நாட்டுவர். ஏழை மாணவன் மாமரத்தில் கம்பி கட்டுவான். இருவருள் திறமை எவர்பால் உள்ளது என்று எங்ஙனம் துணிவது? இவ்வினாவிற்கு விடையாக எழுந்ததே உலக வானொலிக் குழுப் போட்டி. 1990-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கிய இது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெவ்வேறு நாட்டில் நிகழ்கின்றது. குழுவிற்கு இருவர். மேற்கூறிய 24 மணி நேரமே இதற்கும் உரியது; மதிப்பெண்ணில் மட்டும் சிறு வேறுபாடுகள் உண்டு.

நம் செஞ்சிச் சீமையைக் கொண்டே இதனை விளக்கலாம். ஒரு குழு 800 அடி உயர்ந்த இராஜகிரியின் உச்சியிலும், மற்றொன்று பனமலை ஏரிக்கரையிலும் கருவி வைப்பதாகக் கொள்வோம். (2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டையில் ஓர் ஆணி அறையவும் எவரும் இசையார், இது கற்பனையே.) மலைச்சரிவினின்று புறப்படும் சிற்றலை அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்து சென்று தொலைநாடுகளை எளிதில் எட்டும். ஏரிக்கரையிலிருப்போர் எத்துணை வல்லவராயினும் பின்தங்குவர். ஆதலின் 2014-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் நடத்தியோர் ஒவ்வொரு களத்தின் நிலச்சரிவையும் கணக்கிட்டு, ஒத்த இடங்களையே தேர்ந்தனர். எல்லாக் குழுவினர்க்கும் ஒரே உயரமுள்ள கம்பம், ஒரே வகை ஆன்டெனா, ஒரே அளவு மின்வலிமை, அதாவது 100 வாட்டு. நம் வீட்டுப் பழைய குண்டு விளக்கு ஒன்று உண்ட மின்சாரம் அவ்வளவே!

வேறொரு விதி எம்மை மிகவும் கவர்ந்தது. பெயர்பெற்ற ஒருவரின் அழைப்புக்குறியைக் கேட்டால் நண்பர்கள் ஓடிவந்து அவர்க்கே புள்ளி கொடுப்பரன்றோ? அதனைத் தடுக்க, ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னரே புதியதோர் அழைப்புக்குறியை மூடிய உறையில் வைத்து ஒவ்வொரு குழுவிற்கும் அளிக்கின்றனர். ‘யான் இன்னான்’ என்று கூறுதல் குற்றம். கூடாரத்தில் நடுவர் ஒருவரும் செவிக்கருவி அணிந்து உடனிருந்து கேட்பார். இருவர் முன்னும் இரு கருவிகள் இருப்பினும், ஒரு நேரத்தில் ஓர் ஒலியே வெளிச்செல்லலாம். ஒருவர் அழைக்கும்போது மற்றவர் வேறு பட்டையில் கேட்டுக்கொண்டிருப்பார். குழு என்னும் சொல்லுக்குப் பொருள் இங்கேதான் விளங்குகின்றது. துணைவன் பேசி முடிக்கும் கணத்தை அறியாதவன் இங்கு ஒன்றும் செய்ய இயலாது.

ஆட்டம் முடிந்ததும் ஏட்டை ஒப்படைத்தல் வேண்டும். உலகெங்கிலுமிருந்து வரும் ஏடுகளை ஒன்றோடொன்று கணிப்பொறியால் ஒப்புநோக்குவர். அழைப்புக்குறியில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அத்தொடர்பின் புள்ளி போய்விடும், தண்டமும் உண்டு. இத்துணைக் கடுமை எதற்கு என்பார்க்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் திருமதி பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழுவினர் அந்தமானில் போர்ட் பிளேயருக்குச் சென்று, அத்தீவினின்று உலகத்தாரோடு தொடர்புகொள்ளும் விளையாட்டில் ஈடுபட்டிருந்தனர். 26-ஆம் நாள் சுனாமி வந்தது. தொலைபேசிகள் அறுந்தன. அவர்கள் விளையாட்டை விடுத்து, உற்றாரைத் தேடுவோர்க்கும் மீட்புப் பணியாளர்க்கும் அக்கருவிகளாலேயே செய்தி கடத்தினர். அவ்வேளையில் ஒரு பெயரில் ஓர் எழுத்து மாறினால், இருப்பவர் இல்லாதவராகிவிடுவர்.

2018-இல் ஜெர்மனியில் 63 குழுக்கள் மோதின. வென்றவர்கள் லிதுவேனியா என்னும் சிறு நாட்டினர். அந்நாட்டு மக்கள்தொகை நம் சென்னை நகரத்தினதினும் குறைவு.