இரட்டை இருசு டிரெய்லரில் வில் பட்டையின் வேலை

தஞ்சைப் பகுதியில் மிராசுதாரர்கள் ஏறிச் சென்ற வில் வண்டியை மூத்த விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். நெல் ஏற்றும் கட்டை வண்டியில் பாரம் நேராக இருசின்மேல் உட்காரும். வில் வண்டியிலோ இடையே எஃகுப் பட்டைகள் இருந்து, பள்ளத்தில் ஏற்படும் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. இன்றைய டிராக்டர் டிரெய்லரில் இருப்பதும் அதே வில் பட்டைதான்.

நீளமான மெயின் பட்டையின் கீழே, நீளம் குறைந்துகொண்டே வரும் பட்டைகளை அடுக்கி, நடு போல்ட்டால் பிணைத்து, யூ போல்ட்டுகளால் இருசோடு இறுக்கியிருப்பார்கள். பாரம் ஏறினால் வளைவு நிமிரும். இறங்கினால் பழையபடி வளையும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் துள்ளல் விரைவில் அடங்குகிறது. நிமிரும்போது வில்லின் நீளம் சற்றுக் கூடும். அதற்கு இடம் கொடுக்கவே ஒரு முனையைச் சாக்கிள் என்னும் அசையும் இணைப்பில் மாட்டுகிறார்கள்.

இரண்டு இருசுகள் அடுத்தடுத்து அமைந்த டிரெய்லரில் இது மட்டும் போதாது. 40 கிலோ சிப்பம் 100 ஏற்றினால் நெல் மட்டுமே 4 டன். நான்கு சக்கரங்களும் பங்கிட்டுக்கொண்டால் இது பெரிய சுமையல்ல. ஆனால் வாய்க்கால் கரைப் பாதையில் மதகு மேட்டின்மீது முன் சக்கரங்கள் ஏறும்போது பின் சக்கரங்கள் அந்தரத்தில் நின்றால், பெரும்பாரம் முழுவதும் முன் இருசின் தலையில் விழும்.

இதைத் தடுப்பது ஈக்குவலைசர் என்னும் சிறு பாகம். முன் வில்லின் பின் முனையும், பின் வில்லின் முன் முனையும் இதன் இரு நுனிகளில் சாக்கிள் மூலம் மாட்டப்பட்டிருக்கும். நடுவில் உள்ள பின்னில் இது தராசுக்கோல் போல ஆடும். முன் சக்கரம் எழும்பினால் இதன் முன் நுனி உயர்ந்து, பின் நுனி தாழ்ந்து, பின் சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது. இரு பக்க முன் சக்கரங்களும் 10 செ.மீ. ஏறினாலும் பெட்டி ஏறத்தாழ 5 செ.மீ. தான் எழும்பும்.

சேற்று வயலில் இறங்கி ஏறும் வண்டியில் இந்தப் பின்னைச் சுற்றி மண் புகுந்து, துருப்பிடித்து இறுகிவிடுவதுண்டு. பிறகு தராசு ஆடாது. ஒரே இருசின் பட்டைகள் அடிக்கடி முறியும். பட்டை மட்டமானது என்று கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன், காலி டிரெய்லரின் ஒரு சக்கரத்தைத் தடித்த பலகைமேல் மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம். ஈக்குவலைசர் சாயவில்லையானால் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, தேய்ந்த புஷ்ஷை மாற்றி, கிரீஸ் அடிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. கட்டை முட்டுக் கொடுப்பது அவசியம்.

விரிந்த பட்டையை வெல்டிங் வைப்பது வீண் செலவு. அந்தச் சூட்டில் எஃகின் பதம் கெட்டு, ஒட்டின் பக்கத்திலேயே மறுபடி முறியும். கொள்முதல் நிலையத்துக்குப் போகும் வழியில் அது நேர்ந்து, மழையும் பிடித்துக்கொண்டால், 17 சதவீத ஈரப்பதத்துக்குள் காய வைத்த நெல்லும் வீணாகும். கூடுதல் பட்டை சொருகிப் பாரம் ஏற்றுவதும் தவறு. பட்டை தாங்கினாலும் இருசும் டயரும் பிரேக்கும் தாங்கா.

யூ போல்ட் தளர்ந்தால் நடு போல்ட் அறுந்து, இருசு இடம் பெயர்ந்து, வண்டி கோணலாக ஓடும். எனவே புது போல்ட் போட்டபின் முதல் நடை முடிந்ததும் மறுபடி இறுக்க வேண்டும். குறுகலான திருப்பத்தில் நான்கு டயர்களும் பக்கவாட்டில் இழுபடும் என்பதால் அகலமாகத் திருப்புவது நல்லது. டிராக்டரில் மாட்டியபின் பெட்டி மட்டமாக நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பக்கம் தூக்கி நின்றால் ஈக்குவலைசர் ஒரு பக்கம் சாய்ந்தபடியே ஓடி, ஆட இடமின்றிப் பின் இருசுக்கே பாரம் கூடும்.