ஒரே பாயில் ஊர் ஊர்ப் பிள்ளைகள்!

காலை நேரம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளை நோக்கி ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். அப்பா கட்டிங் வேலைக்கு. அம்மா செக்கிங் வேலைக்கு. வீட்டிலோ மூன்று வயதுப் பிள்ளை. அதை எங்கே விடுவது?

சொந்த ஊர் என்றால் பாட்டி இருப்பாள். லைன் வீட்டில் யார் இருக்கிறார்கள்? எட்டு வயது அக்காள்தான் காவல். தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டில் நின்றால், அவள் படிப்பும் நின்றுவிடும்!

இந்தக் கவலையைத் தீர்க்க வந்ததுதான் அங்கன்வாடி. 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், மத்திய அரசு இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. 1982-ல் முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது, பள்ளி செல்லாத சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் மதியச் சோறு கிடைத்தது.

மூலையில் ஒரு பிள்ளை

திருப்பூருக்குத் தென் மாவட்டங்களில் இருந்து பிழைக்க வருகிறார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டில் இருந்தும் வருகிறார்கள். அந்தப் பிள்ளைக்குத் "தண்ணீர்" என்று கேட்கத் தெரியாது. மூலையில் உட்கார்ந்து அழும். மற்றப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும். நாலு நாள் இப்படியே போனால், ஐந்தாம் நாள் அது வராது. அக்காள் மறுபடி வீட்டில் நிற்பாள்!

ஆகவே, பாலர் வகுப்பில் முதல் பாடம் "அ, ஆ" அல்ல. "நீயும் எங்களில் ஒருவன்" என்பதே முதல் பாடம்.

இதை எப்படிக் கற்றுத் தருவது?

எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். வட்டத்தில் கடைசி இடம் கிடையாது. தினமும் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். கைதட்டிப் பாடும்போது மொழி தெரியாத பிள்ளையும் கை தட்டும். டீச்சர் அந்தப் பிள்ளையின் மொழியில் இரண்டு சொல் கற்றுக்கொள்ளலாம். தண்ணீருக்கு இந்தியில் "பானி". ஒடியாவில் "பாணி". பனியன் ஊருக்கு இது கஷ்டமா?

ஒரு பிள்ளை தட்டு எடுத்துக் கொடுக்கட்டும். ஒரு பிள்ளை பாயைச் சுருட்டட்டும். எல்லோர் தட்டிலும் சோறு விழுந்த பிறகே சாப்பிட வேண்டும். "இன்று யார் வரவில்லை?" என்று கேட்க வேண்டும். தன்னைத் தேட ஆள் உண்டு என்று தெரிந்த பிள்ளை, மறுநாள் ஓடி வரும்!

ரோமில் நடந்தது

இது புது விஷயம் அல்ல. 1907-ல் இத்தாலி நாட்டின் ரோம் நகரில், சான் லொரென்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதி. பெற்றோர் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் கேட்பாரற்றுத் திரியும். மரியா மாண்டிசோரி என்ற பெண் டாக்டர் அவர்களுக்காக "குழந்தைகள் இல்லம்" திறந்தார். அங்கே பிள்ளைகளே கூட்டினார்கள், பரிமாறினார்கள், ஒருவருக்கொருவர் உதவினார்கள். உலகமே வந்து பார்த்தது! அந்த அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, நம் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார்.

தாய்மார்களே!

மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், "இன்று என்ன எழுதினாய்?" என்று கேட்கிறீர்கள். இனி, "இன்று யாரோடு விளையாடினாய்?" என்றும் கேளுங்கள். பக்கத்து லைன் வீட்டில் வடநாட்டுப் பிள்ளை இருந்தால், காலையில் அதையும் கூப்பிட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டு பிள்ளைகள் கைகோத்து அங்கன்வாடிக்குப் போகட்டும். அந்த வீட்டு அக்காள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள்!