திறன்மானி சொன்ன பொய்

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர்க் கோபுரம் வரை மிதிவண்டியில் பயிற்சி செய்பவன் நான். ஆடிக் காற்றில் வேகத்தைக் கொண்டு உழைப்பை அளக்க முடியாது. மலைக்காற்று ஒருநாள் தள்ளும், ஒருநாள் தடுக்கும். எனவே திறன்மானி ஒன்றை இரவல் வாங்கினேன். ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிக் ஷோபெரர் 1986-இல் தொடங்கிய வழிதான்: மிதிக்கையில் கிராங்க் மயிரிழை வளைகிறது, அதில் ஒட்டிய மென்பட்டையின் மின்தடை மாறுகிறது. அதிலிருந்து கிடைக்கும் முறுக்குவிசையைச் சுழல்வேகத்தால் பெருக்கினால் வாட்.

மானி 210 வாட் காட்டியது. மகிழ்ந்து போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்! பிறகு, பின்சக்கர அச்சில் அளக்கும் நண்பரின் மானியையும் அதே வண்டியில் பூட்டி ஓட்டினால், அது காட்டியதோ 185. சங்கிலியில் இழப்பது இரண்டு, மூன்று விழுக்காடுதான். ஐந்து வாட் எனக் கொள்வோம். மீதி 20 எங்கே?

இரவல் மானி இடக்காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்குவது. பள்ளிநாளில் முறிந்த என் வலக்காலோ இன்னும் சோம்பேறி. இடம் 105, வலம் 85, கூட்டினால் 190.

வெயிலும் மானியை ஏமாற்றும். நிழலில் பூஜ்யம் திருத்திப் புறப்பட்டால், வண்டி சூடேறியபின் இறங்கி, மிதிகட்டையில் பாரமின்றி, மறுபடி திருத்த வேண்டும்.

இப்போது 185-ஐ நம்பியே பயிற்சி. வலக்காலுக்கு மட்டும் மாலையில் தனி வேலை.