வியாழன் மங்கலா தெரியுதா? புது லென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி டெலஸ்கோப்புல இதை செக் பண்ணுங்க!

ஆன்லைனில் ஆர்டர் போட்ட டெலஸ்கோப் வீட்டுக்கு வந்துவிட்டது. திருமுருகன்பூண்டியில் ஒரு மொட்டை மாடி, வாட்டர் டேங்க் பக்கத்தில் ஸ்டாண்ட் போட்டாச்சு என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் நிலா. மொத்த வீடும் வரிசையில் நின்று பார்த்து அசந்து போகிறது. மறுநாள் வியாழன். பெரிதாக்கிப் பார்த்தால், பழுப்புப் பட்டைகள் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் வால் முளைத்த வெள்ளைக் குழம்பு!

"பவர் பத்தலை போல" என்று அடுத்த ஆர்டர் போகிறது. 4 மி.மீ. ஐபீஸ், 3 மடங்கு பார்லோ லென்ஸ். வந்து மாட்டினால் குழம்பு இன்னும் பெரிதாகிறது, அவ்வளவுதான். ரெண்டு மாசத்தில் டெலஸ்கோப் பரண் மேல் ஏறிவிடும்.

பல நேரங்களில் பிரச்சனை பவரில் இல்லை. உள்ளே இருக்கும் இரண்டு கண்ணாடிகளும் ஒரே கோட்டில் இல்லை. அதைச் சரிசெய்வதற்குப் பெயர்தான் கொலிமேஷன். பழகிவிட்டால் 10 நிமிட வேலை, செலவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

கொலிமேஷன்னா என்ன?

லென்ஸுக்குப் பதிலாகக் கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் டெலஸ்கோப்பை முதலில் செய்து காட்டியவர் ஐசக் நியூட்டன். ஆண்டு 1668. இன்று ஆரம்பநிலையில் விற்கும் 76, 114, 130 மி.மீ. ரிஃப்ளெக்டர்கள் எல்லாம் அதே அமைப்புதான். குழாயின் அடியில் குழிவான பெரிய கண்ணாடி, அதாவது பிரைமரி. வாய்ப்பக்கம் 45 டிகிரி சாய்ந்த சின்னக் கண்ணாடி, அது செகண்டரி. பிரைமரி குவிக்கும் ஒளியை செகண்டரி பக்கவாட்டில் திருப்பி, ஐபீஸ் மாட்டும் ஃபோகஸருக்கு அனுப்புகிறது.

திருமுருகன்பூண்டிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அங்கே சிற்பக்கூடங்களில் சிலை செதுக்க ஆரம்பிக்கும்போது கல்லில் முதலில் விழுவது நடுக்கோடு. அது நகர்ந்தால் மூக்கு ஒரு பக்கம், தொப்புள் ஒரு பக்கம் போய்விடும். டெலஸ்கோப்பிலும் ஐபீஸின் நடு, செகண்டரியின் நடு, பிரைமரியின் நடு மூன்றையும் ஒரே ஒளிக்கோடு தொட்டுப் போக வேண்டும்.

அது எப்படி நகரும்? கூரியரில் வந்த குலுக்கல் போதும். டூவீலரில் மடியில் வைத்துக்கொண்டு நாலு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினாலும் போதும். புதுப் பெட்டி என்பதால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

நாசாவின் ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்புக்கே இந்த வேலை இருந்தது. 2022 பிப்ரவரியில் அதன் ஆரம்பகட்டப் படம் வெளியானபோது, ஒரே ஒரு நட்சத்திரம் 18 புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தது. காரணம், அதன் பிரைமரியில் இருக்கும் 18 துண்டுகளும் அப்போது ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அவற்றை நேராக்கி முடிக்கப் பல வாரங்கள் ஆயின. மொட்டை மாடி டெலஸ்கோப்பில் இருப்பது மூன்று ஸ்குரூ, கூட ஒரு மூன்று ஸ்குரூ.

முதலில் குழாயின் லேபிளைப் பாருங்க

அதில் இரண்டு எண்கள் இருக்கும். உதாரணமாக 114 / 900. முதல் எண் கண்ணாடியின் விட்டம், இரண்டாவது குவியத் தூரம், இரண்டும் மி.மீ.-ல். 900-ஐ 114-ஆல் வகுத்தால் சுமார் 8. இதை எஃப் 8 என்பார்கள். 130 / 650 என்றால் எஃப் 5.

இந்த எண் குறையக் குறைய கொலிமேஷனில் கறார் கூடும். எஃப் 8 டெலஸ்கோப்பில், குவியும் இடத்தின் நடுவில் சுமார் 11 மி.மீ. வட்டத்துக்குப் படம் கூர்மையாக இருக்கும். எஃப் 5-ல் அந்த வட்டம் 3 மி.மீ.-க்கும் குறைவு. கண்ணாடி கொஞ்சம் சாய்ந்தாலும் கோள் அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும். வால் முளைப்பது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. லேபிளில் 1000 மி.மீ. என்று போட்டிருக்கும், ஆனால் குழாய் அரை மீட்டர்தான் இருக்கும். இது பேர்ட்-ஜோன்ஸ் என்ற வகை. ஃபோகஸருக்குள்ளேயே ஒரு லென்ஸை ஒளித்து வைத்துக் குவியத் தூரத்தைக் கூட்டியிருப்பார்கள். இதைக் கொலிமேட் செய்வது ஆரம்பநிலையில் பெரிய தலைவலி. இன்னும் வாங்கவில்லை என்றால் தவிர்த்துவிடுவது நல்லது.

செய்வது எப்படி?

முதலில் ஒரு கருவி வேண்டும். கடையில் வாங்க வேண்டியதில்லை. ஃபோகஸரை மூட ஒரு பிளாஸ்டிக் மூடி வந்திருக்கும். அதன் சரியான நடுவில் 1 முதல் 2 மி.மீ. ஓட்டை போட்டால் அதுதான் கொலிமேஷன் கேப். பழைய ஃபிலிம் ரோல் டப்பா கிடைத்தாலும் சரி, அதன் அகலம் ஒன்றேகால் இஞ்ச் ஃபோகஸருக்குக் கிட்டத்தட்ட அளவெடுத்த மாதிரி உட்காரும்.

அடுத்து, பிரைமரியின் நடுவில் ஒரு சின்ன வளையம் ஒட்டியிருக்கிறதா என்று குழாய்க்குள் எட்டிப் பாருங்கள். பல கம்பெனிகள் ஒட்டித்தான் அனுப்புகின்றன. இல்லையென்றால், ஃபைலில் கோர்க்கும் பேப்பரின் ஓட்டை கிழியாமல் இருக்க ஒட்டும் வட்ட ஸ்டிக்கர் போதும். கண்ணாடி அளவுக்கே பேப்பரை வட்டமாக வெட்டி, நாலாக மடித்து, நுனியைக் கத்தரித்தால் நடு கிடைத்துவிடும். ஸ்டிக்கர் மறைக்காதா? மறைக்காது. அந்த நடுப்பகுதி ஏற்கனவே செகண்டரியின் நிழலில் இருப்பதால் படத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை.

குழாயைப் படுக்கைவாட்டில் வையுங்கள். செங்குத்தாக வைத்து ஆலன் கீ கைதவறினால் நேரே பிரைமரி மேல்தான் விழும். வெளிச்சமான சுவரைப் பார்த்துத் திருப்பி, ஓட்டை வழியாகப் பாருங்கள்.

முதல் வேலை செகண்டரி. அதன் முதுகில் நடுவில் ஒரு பெரிய ஸ்குரூவும் சுற்றி மூன்று சின்ன ஸ்குரூக்களும் இருக்கும். மூன்றில் ஒன்றை லேசாகத் தளர்த்தி, மற்றதை லேசாக முறுக்கி, பிரைமரி முழுவதும், அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் உட்பட, சின்னக் கண்ணாடிக்குள் தெரியும்படி கொண்டு வாருங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டால் செகண்டரி தலையாட்ட ஆரம்பித்துவிடும், திரும்ப முதலில் இருந்துதான். இந்தக் கட்டத்துக்குத்தான் பொறுமை வேண்டும். ஆனால் ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் அடிக்கடி தொட வேண்டியிருக்காது.

இரண்டாவது பிரைமரி. குழாயின் அடியில் மூன்று ஜோடி ஸ்குரூ இருக்கும். மூன்று நகர்த்துவதற்கு, மூன்று பூட்டுவதற்கு. பூட்டும் ஸ்குரூக்களைத் தளர்த்திவிட்டு மற்றவற்றைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகுங்கள். கேப்பின் ஓட்டை ஒரு புள்ளியாகக் கண்ணாடியில் தெரியும். அந்தப் புள்ளி வளையத்துக்குள் வந்து உட்கார வேண்டும். ஒருத்தர் ஓட்டையில் கண் வைத்து "இன்னும் கொஞ்சம், போதும் போதும்" என்று சொல்ல, இன்னொருத்தர் பின்னாடி நின்று திருகினால் வேலை சீக்கிரம் முடியும். கடைசியில் பூட்டும் ஸ்குரூவை முறுக்கும்போது புள்ளி நகர்கிறதா என்று மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. எஃப் 5 மாதிரி டெலஸ்கோப்பில் எல்லாம் சரியாக இருந்தாலும் செகண்டரியின் கறுப்பு நிழல் நடுவிலிருந்து சற்று விலகித்தான் தெரியும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். அதைத் துரத்திக்கொண்டு போய், சரியாக இருந்ததையும் கெடுத்துவிட வேண்டாம்.

துருவ நட்சத்திரம் நமக்கு உதவாது!

கேப்பில் சரிசெய்த பிறகு நட்சத்திரத்தில் சோதிக்க வேண்டும். ஒரு நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவந்து, பெரிதாக்கி, ஃபோகஸை லேசாகக் கலைத்தால் வளையம் வளையமாக விரியும். வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தால் பாஸ். ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் பிரைமரி ஸ்குரூவை இன்னும் துளி திருக வேண்டும். ஒவ்வொரு முறை திருகிய பிறகும் நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் இதற்குத் துருவ நட்சத்திரத்தைக் கைகாட்டும், அது நகராது என்பதால். ஆனால் திருமுருகன்பூண்டி இருப்பது சுமார் 11 டிகிரி அட்சரேகையில். அங்கே துருவ நட்சத்திரம் வடக்கே அடிவானத்திலிருந்து 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பக்கத்து வீட்டு டேங்க், புகைமூட்டம், தெருவிளக்கு எல்லாவற்றையும் தாண்டி அது தெரிந்தாலும் தண்ணீருக்குள் பார்ப்பது போல ஆடும். அதனால் தலைக்கு மேலே உயரத்தில் இருக்கும் நடுத்தர வெளிச்ச நட்சத்திரம் ஒன்றைப் பிடிப்பது மேல். அது நகர்ந்துகொண்டே இருக்கும், நாமும் கூடவே நகர்த்த வேண்டியதுதான்.

இன்னொன்று, பகல் முழுக்க வெயில் குடித்த மொட்டை மாடி இருட்டிய பிறகும் அனல் கக்கும். வீட்டுக்குள் இருந்த கண்ணாடியும் வெளிக்காற்றுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும். வெளியே கொண்டுவந்த உடனே பார்த்துவிட்டு "கொலிமேஷன் சரியில்லை" என்று திருக ஆரம்பிக்கக் கூடாது.

பனியன் வேஸ்ட்டால் துடைத்தால்?

திருப்பூர் வட்டாரத்தில் எண்ணெய்க் கறையா, மெஷின் தூசியா, கைக்கு முதலில் வருவது பனியன் வேஸ்ட் துணிதான். டெலஸ்கோப் கண்ணாடிக்கு மட்டும் அது ஆகவே ஆகாது. நம் முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கும். இதில் அலுமினியப் பூச்சு முன்பக்கமே இருக்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தேய்ப்பு போதும், பூச்சில் நிரந்தரக் கீறல்.

கொஞ்சம் தூசி இருந்தால் படம் கெடாது, விட்டுவிடலாம். பஞ்சுத் தூசி பறக்கும் ஊர் என்பதால் பார்த்து முடித்ததும் இரண்டு பக்க மூடியையும் போட்டுவிடுவதுதான் பாதுகாப்பு. படிந்த தூசிக்குக் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ப்ளோயர் போதும், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் இருக்கும் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பும் இதே அலுமினியப் பூச்சுக் கண்ணாடிதான். 1986-ல் அந்த டெலஸ்கோப்புக்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது, அதைக் கனவு கண்ட அவர் 1982-லேயே காலமாகிவிட்டார். 1968-ல் அதே காவலூரில் வேலை ஆரம்பித்தது, கொடைக்கானலிலேயே தயாரான 38 செ.மீ. டெலஸ்கோப்பில்தான்.

எதை வாங்கலாம், எதை விடலாம்?

பெட்டியில் '675 மடங்கு பெரிதாக்கும்' என்று போட்டிருக்கும் கணக்கைப் பார்ப்போம். குவியத் தூரத்தை ஐபீஸ் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம். 900-ஐ 4-ஆல் வகுத்தால் 225. அதில் 3 மடங்கு பார்லோ போட்டால் 675. கணக்கு சரி, காட்சி பூஜ்யம். கண்ணாடி விட்டத்தைப் போல 2 மடங்குதான் உச்சவரம்பு, 114 மி.மீ.-க்கு 228. நம் காற்று பல இரவுகளில் அதற்கும் விடாது. திருமுருகன்பூண்டி என்றாலே சுந்தரர் பொன்னைப் பறிகொடுத்த கதை ஞாபகம் வரும். அவருக்காவது திரும்பக் கிடைத்தது!

உண்மையில் வாங்க வேண்டியது முதலில் ஒரு நல்ல ஐபீஸ். பெட்டியோடு வரும் 'எச்', 'எஸ்ஆர்' என்று எழுதிய ஐபீஸ்கள் சுமார்தான். பிளாசில் வகையில் 25 மி.மீ. ஒன்று, 10 மி.மீ. ஒன்று இருந்தால் 114 / 900-ல் 36 மடங்கும் 90 மடங்கும் கிடைக்கும். சனியின் வளையம், வியாழனின் நாலு நிலாக்கள், பட்டைகள் எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். தரமான 2 மடங்கு பார்லோ பிறகு வாங்கிக்கொள்ளலாம். ரெட் டாட் ஃபைண்டர் இருந்தால் கோளைத் தேடும் நேரம் பாதியாகும். உட்கார்ந்து பார்க்க ஒரு ஸ்டூல், டார்ச்சில் சுற்ற சிவப்பு செல்லோஃபேன் பேப்பர், இவை வீட்டிலேயே கிடைக்கும்.

லேசர் கொலிமேட்டர்? மலிவான லேசர்களில் லேசரே கோணலாக இருப்பது உண்டு. ஃபோகஸரில் வைத்து லேசரை மட்டும் சுழற்றிப் பாருங்கள், பிரைமரியில் விழும் புள்ளி வட்டம் போட்டால் அதை நம்பாதீர்கள். ஓட்டை போட்ட மூடி அதைவிட யோக்கியமானது. 'லைட் பொல்யூஷன் ஃபில்டரும்' வெள்ளை எல்இடி விளக்குகளுக்கு முன் பெரிதாக எடுபடாது. நிலாவுக்கும் கோள்களுக்கும் அது தேவையும் இல்லை.

ஸ்டாண்ட் விஷயத்தில் ஒரு வார்த்தை. சில ஈக்வடோரியல் மவுண்ட்கள் 11 டிகிரிக்கு இறங்கவே இறங்காது, இறங்கினாலும் எடைக்கட்டை கால்களில் இடிக்கும். மரப்பெட்டி மாதிரி தரையில் உட்காரும் டாப்சோனியன் நம் ஊருக்கு வசதி. அதைப் பிரபலமாக்கிய ஜான் டாப்சன், அமெரிக்காவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து டெலஸ்கோப் செய்தவர். அந்த ஆர்வத்தாலேயே 1967-ல் மடத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

இது ஒன்று மட்டும் பெட்டியில் இருந்தால் தூக்கிப் போடுங்க

ஐபீஸில் திருகும் 'சன் ஃபில்டர்'. கண்ணாடி குவித்த சூரிய வெப்பம் முழுவதும் அந்தச் சின்ன வில்லையில் விழும். அது வெடித்தால் அடுத்த நொடி அந்த வெப்பம் விழுவது கண்ணில். வலி தெரிவதற்கு முன்பே பார்வை போய்விடும். சூரியனைப் பார்க்க, குழாயின் வாயை முழுதாக மூடும் சான்று பெற்ற சோலார் ஃபில்டர் மட்டும்தான். ஃபைண்டரையும் மூடி வைக்க வேண்டும். பகலில் டெலஸ்கோப் பக்கத்தில் குழந்தைகளைத் தனியாக விடவே கூடாது.

நல்ல வானத்துக்கு தை முதல் பங்குனி வரை தோதான காலம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குழாயை நிற்க விடாது. அப்போது டெலஸ்கோப்பை உள்ளே வைத்து, மூடியில் ஓட்டை போடும் வேலையை முடித்துக்கொள்ளலாம்.