தரை வேர்க்கும் ஊரில் கார்ப்பெட்

ஐப்பசி, கார்த்திகையில் கொல்லிமலைக்குப் போய், செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ புதிதாகக் கட்டிய வீட்டில் தங்கியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். கூரை ஒழுகியிருக்காது, சாரலும் உள்ளே அடித்திருக்காது, யாரும் தண்ணீரைக் கொட்டியிருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் டைல்ஸ் தரை நசநசவென்று ஈரமாக இருக்கும். கவனிக்காமல் நடந்தால் வழுக்கிவிடும். "தரை வேர்க்குது" என்பார்கள் வீட்டுக்காரர்கள். அந்த ஈரமும் சில்லிப்பும் தாங்காமல், அடுத்த முறை ராசிபுரத்துக்கோ நாமக்கல்லுக்கோ இறங்கும்போது கார்ப்பெட் கடைக்குள் நுழைகிறார்கள். ஹாலுக்கு எது, படுக்கையறைக்கு எது என்ற பேச்சு அங்கே நிறத்தில் தொடங்கி விலையில் முடிந்துவிடுகிறது. மலை வீட்டைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது ஈரத்தைப் பற்றித்தான்.

குளிரைப் பார்த்துவிட்டு ஈரத்துக்கு வருவோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் என்ற கணக்கில் காற்று குளிர்கிறது. நாமக்கல்லில் மின்விசிறி ஓடும் இரவில் மேலே போர்வை தேட வேண்டியிருக்கிறது. மார்கழி விடியலில் ஒரு வீட்டின் தரை 16 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ராத்திரி முழுக்க அதே அறையில் கிடந்த மரப்பலகையும் ஜமக்காளமும்கூட 16 டிகிரிதான். தெர்மாமீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. காலுக்குத் தெரிகிறது.

காரணம், தோல் உணர்வது பொருளின் வெப்பநிலையை அல்ல, தொட்ட இடத்தில் அந்த நொடியில் உண்டாகும் வெப்பநிலையை. இரு பக்கமும் வெப்பத்தை எவ்வளவு வேகமாகக் கொடுத்து வாங்குகின்றன என்பதைப் பொறுத்து அது அமையும். உள்ளங்கால் 31 டிகிரி என்று கொண்டு கணக்குப் போட்டால், கிரானைட்டில் தொடும் இடம் சுமார் 21 டிகிரிக்கு இறங்கிவிடும். டைல்ஸில் 23, மரத்தில் 27. பருத்தி விரிப்பில் 29-க்குக் கீழே போகாது. நூலிழைகளுக்கு இடையே அடைபட்ட காற்று செய்யும் வேலை இது. அசையாத காற்று, கிரானைட்டைவிட நூறு மடங்கு மந்தமாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். ஆகவே கால் சில்லிடாமல் இருக்க, கணுக்கால் புதையும் கார்ப்பெட் தேவையே இல்லை. சில மில்லிமீட்டர் கனமுள்ள விரிப்பு போதும். மணிக்கணக்கில் தரையில் உட்காருகிறவர்கள் அதையே இரண்டாக மடித்துப் போட்டுக்கொள்ளலாம்.

இனி ஈரம். 25 டிகிரியில், 70 விழுக்காடு ஈரப்பதமுள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 16 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 17 டிகிரிக்குக் குளிர்ந்தால் 14.5 கிராமுக்கு மேல் அதனால் வைத்திருக்க முடியாது. மிச்சம் தண்ணீராக வெளியே வந்தாக வேண்டும். இரவெல்லாம் குளிர்ந்த கான்கிரீட் தரை 17 டிகிரியில் கிடக்கிறது. முற்பகலில் சமவெளியின் ஈரக்காற்று மலைச் சரிவில் ஏறி, திறந்த ஜன்னல் வழியே உள்ளே வருகிறது. தரையைத் தொட்ட மாத்திரத்தில் நீர் படிகிறது. இப்போது எல்லாரும் விரும்பிப் போடும் விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் 0.5 விழுக்காடு நீரைக்கூட உறிஞ்சாது. படிந்த ஈரம் போக இடமின்றி மேலேயே நிற்கிறது.

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பழைய வீடுகளில் மண்சுவர், புல்கூரை, சாணம் மெழுகிய தரை. மண் தரை காற்றின் ஈரத்தைத் தானே குடித்துக்கொண்டு, வெயில் அடிக்கும்போது மெல்லத் திருப்பிக் கொடுத்துவிடும். அடிக்கடி மெழுக வேண்டும், பூச்சித் தொல்லை உண்டு, எல்லாம் சரிதான். மண் வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று யாருக்கும் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் கான்கிரீட் வீடு கட்டும்போது இந்த ஒரு வசதியை நாம் இழக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு கட்டலாம்.

இந்தத் தரையின் மேல், சுவரோடு சுவராக ஒட்டும் கார்ப்பெட்டைப் போட்டால் என்ன ஆகும்? கால் கதகதப்பாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. அறையின் வெப்பம் தரைக்குப் போகாமல் கார்ப்பெட் தடுப்பதால், அடியில் இருக்கும் தரை முன்னைவிடக் குளிர்ந்துபோகும். நீராவியைத் தடுக்கவோ கார்ப்பெட்டால் முடியாது. அது இழைகளுக்கு ஊடே இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் அடியில் போய்ப் படியும். அஸ்திவாரத்தில் பாலித்தீன் தாள் விரிக்காமல் கட்டிய வீடாக இருந்தால் கீழிருந்து ஏறும் ஓதமும் இதோடு சேர்ந்துகொள்ளும். முதல் மழைக்காலம் முடியும்போது மூலையில் ஒரு மக்கல் வாடை வரும். ஊதுபத்தி கொளுத்துவார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம்.

பூஞ்சணத்தையாவது கண்ணால் பார்க்கலாம். தூசிச் சிற்றுண்ணியை அப்படிப் பார்க்க முடியாது. மில்லிமீட்டரில் கால் பங்கு நீளம், எட்டுக் கால். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்கும் பழக்கம் அதற்கு இல்லை. முன்கால் அருகே இருக்கும் சுரப்பியிலிருந்து உப்புக் கரைசலைச் சுரந்து, காற்றிலுள்ள ஈரத்தை அதன் மூலம் இழுத்துக்கொள்கிறது. அதனால் ஈரப்பதம் தொடர்ந்து 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் வறண்டு செத்துப்போகும். அதன் எச்சத்தில் உள்ள புரதங்கள்தான் பலருக்குத் தும்மலையும் இளைப்பையும் கொண்டுவருபவை. மழைக்காலக் கொல்லிமலையில் 50 விழுக்காடு என்பதை நினைத்தும் பார்க்க முடியாது. நெடிய இழை நட்ட கார்ப்பெட் சிற்றுண்ணிக்கு இருட்டும் உணவும் ஈரமும் சேர்ந்த இடம். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் படுக்கையறையில் கார்ப்பெட் வேண்டவே வேண்டாம்.

கார்ப்பெட் கெட்ட பொருள் என்பதல்ல. அது பிறந்த ஊர் வேறு. ஈரானும் மத்திய ஆசியாவும் குளிரும் வறட்சியும் சேர்ந்த நிலங்கள். உலகில் இன்றுவரை முழுதாகக் கிடைத்துள்ள மிகப் பழைய முடிச்சுக் கம்பளம், அல்தாய் மலையின் பாசிரிக் கல்லறையில் ருதென்கோ என்ற ரஷ்யத் தொல்லியலாளர் 1949-ல் கண்டெடுத்தது. சுமார் 2,400 ஆண்டுப் பழசு. கல்லறைக்குள் புகுந்த நீர் உறைந்து பனிக்கட்டியானதால் மக்காமல் தப்பியது. மேலை நாடுகளில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றுவார்கள். சூடேறிய காற்றின் ஈரப்பதம் தானாகக் குறையும். அங்கே சுவரோடு சுவராகக் கார்ப்பெட் போட்டதில் அர்த்தம் உண்டு. ஊட்டியிலும் ஏற்காட்டிலும் வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்களில் கணப்பு இருந்ததை மறந்துவிட்டு, கார்ப்பெட்டை மட்டும் இங்கே கொண்டுவருகிறோம்.

கடைக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள்: "இது சிந்தெடிக் சார், தண்ணியே குடிக்காது." பாதி உண்மை. 65 விழுக்காடு ஈரப்பதத்தில் கம்பளி தன் எடையில் 16 விழுக்காடு நீரை ஏற்கும். சணல் சுமார் 14, பருத்தி எட்டரை, நைலான் 4, பாலியெஸ்டர் வெறும் 0.4. பாலிப்ரொப்பிலீன் அதுகூட இல்லை. இழை குடிக்காதுதான். இழைகளுக்கு நடுவே தங்கும் தூசி குடிக்குமே. அடியில் ஒட்டியிருக்கும் சணல் துணியும் குடிக்கும். அடிப்பாகம் ரப்பரோ பிவிசியோ ஆக இருந்தால், தரையில் படிந்த நீர் மேலே வரவும் வழியில்லை. பருத்தி ஈரத்தை ஏற்றாலும் கொடியில் போட்டால் காய்ந்துவிடும். மலைக்கு விரிப்பு வாங்குகிறவர் அது எவ்வளவு ஈரம் குடிக்கும் என்பதைவிட, அதைத் தூக்கி உலர்த்த முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

தூக்கி உலர்த்தக்கூடிய ஒன்று, மலையிறங்கி மேற்கே போனால் காவிரிக் கரையிலேயே இருக்கிறது. பவானி ஜமக்காளம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ஆலைத் துணியோடு போட்டியிட முடியாமல் போனபோது, பவானியின் ஜங்கமர் நெசவாளர்கள் முரட்டு நூலில் நெய்யத் தொடங்கியது. 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு துண்டைக் கையில் எடுத்து ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். பாவு நூல் வெளியே தெரியாது. பருமனான ஊடை நூலை நெருக்கி நெருக்கி அடித்து, பாவை முழுக்க மறைத்திருப்பார்கள். கண்ணில் படும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் எல்லாம் ஊடையின் நிறம். இழை எதுவும் மேலே நட்டுக்கொண்டு நிற்காது. அடியில் ஒட்டிய துணி கிடையாது, பசை கிடையாது. இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் திருப்பிப் போடலாம். அகலமான ஜமக்காளத்துக்குத் தறியில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். சிற்றுண்ணிக்கு ஒளிந்துகொள்ள ஆழமில்லாத இந்தத் தட்டை நெசவுதான் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் என் தேர்வு. கலர் பட்டை இன்றைய சோபாவுக்குப் பொருந்தவில்லை என்கிறவர்களுக்கு, சோபாவை மாற்றச் சொல்லத்தான் தோன்றுகிறது.

வெயிலில் போடுவது பாட்டி காலத்துப் பழக்கம் மட்டுமல்ல. 1994-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர், சிற்றுண்ணி நிறைந்த விரிப்புகளைக் கோடை வெயிலில் சில மணி நேரம் போட்டுவைத்துப் பார்த்தார்கள். சூட்டிலும் வறட்சியிலும் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. கொல்லிமலையில் மழை மாதங்களில் அந்த வெயிலுக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. மாசியிலிருந்து வைகாசி வரை அடிக்கும் வெயிலை விட்டுவிடாமல் பயன்படுத்துங்கள். மழை மாதங்களில் விரிப்பைத் தரையிலேயே கிடத்தி வைக்காமல் பகலில் கொடியில் தொங்கவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

படுக்கக் கோரைப்பாய். கரூர், நாமக்கல், திருச்சி மாவட்டங்களின் காவிரிக் கரையில் கோரை விளைகிறது, அதனால் மலைக்குப் பாய் வருவது சிரமமில்லை. கோரையின் உட்சோற்றில் காற்றறைகள் நிறைந்திருப்பதால் கனமே இல்லாமல் குளிரைத் தடுக்கும். வழவழப்பான மேற்பரப்பில் தூசி தங்காது. ஈரம் மட்டும் ஆகாது, கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். எழுந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்திவைக்கும் வழக்கம் இடத்தை மிச்சப்படுத்த வந்ததாக இருக்கலாம். ஆனால் குளிர்ந்த தரையிலிருந்து பாயைப் பிரித்துக் காற்றாட வைப்பதும் அதுதான்.

வாசலில் தேங்காய்நார் கால்மிதி. நாரில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் லிக்னின் இருப்பதால் மற்ற இயற்கை நார்களைப்போல் சட்டென்று மக்காது. செருப்போடு வரும் செம்மண்ணை வாசலிலேயே சுரண்டி எடுத்துவிடும். அந்த மண் உள்ளே வந்தால் மணல் துகள்களே விரிப்பின் நூலை அறுக்கும். சமையலறைக்கு எதுவும் வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் சுமார் 165 டிகிரியில் உருகிக் காலோடு ஒட்டிக்கொள்ளும், கொதிக்கும் எண்ணெயின் சூடே அதற்குப் போதும். குளியலறை வாசலில் பழைய பருத்தித் துண்டு ஒன்று, தினம் துவைக்க.

வயசானவர்கள் இருக்கும் அறையில் மட்டும் கூடுதல் கவனம். வேர்த்த டைல்ஸ் மேல் மெல்லிய விரிப்பு நழுவும். ஓரம் சுருண்டால் தடுக்கும். துளையுள்ள ரப்பர் வலை விரிப்புகள் கிடைக்கின்றன, அதை அடியில் போடுங்கள். துளை இருப்பதால் ஈரம் சிறைப்படாது.

விருந்தினர் விடுதி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டு ஈரக் காலோடு வருகிற கூட்டம் உங்களுடையது. கார்ப்பெட் ஒட்டும் செலவில் அறைக்கு இரண்டு ஜமக்காளம் வாங்கினால், ஒன்று விரிப்பில் இருக்கும்போது மற்றொன்று காய்ந்துகொண்டிருக்கும்.

வாங்கும்போது ஏமாறாதீர்கள். கைத்தறிக்கென்று பொருள்களை ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஜமக்காளமும் இருக்கிறது. இருந்தும் விசைத்தறியில் செயற்கை நூலில் நெய்த மலிவு விரிப்புகள் அதே பெயரில் விற்கின்றன. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாடையும் தொட்டால் உதிரும் சாம்பலும் இருந்தால் பருத்தி. முடி கருகும் வாடை வந்தால் கம்பளி. உருகி, ஆறியதும் கெட்டியான மணிபோல் நின்றால் அது பிளாஸ்டிக், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.